சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு காவல்காரன்!

திருச்சியில் இருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டியதும் வருகிற ஊர் வாலிகண்டபுரம். சோழர் காலத்துக் கோவில் இருக்கும் பழைய ஊர். ராமாயணத்து வாலி இங்கே வந்து சிவனை வழிபட்டான் என்பது ஊர்க்கதை. சுவாமிக்கு வாலீஸ்வரர் என்று பெயர்.

இந்த ஊருக்கு வடக்கே, அதே சாலையோரம், ரஞ்சன்குடி கோட்டை நிற்கிறது. ஆற்காட்டு நவாபு பட்டத்துக்காக நடந்த சண்டையில், 1751-ம் ஆண்டு, இந்த வட்டாரத்தில் படைகள் மோதிக் கொண்டன.

கோட்டையின் உச்சியில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும். எதிரியின் குதிரைப் படை தொலைவில் வரும்போதே புழுதி கிளம்பும். மேலே நிற்கும் காவலாள் அதைப் பார்த்துக் குரல் கொடுத்தால், கோட்டைக் கதவைச் சாத்த நேரம் கிடைக்கும். அவன் அசந்து விட்டால் கோட்டை போய்விடும்!

இன்று பூமி முழுவதுக்கும் அப்படி ஒரு காவலாள் தேவைப்படுகிறான். எங்கிருந்து வரும் ஆபத்துக்காக? நாள்தோறும் காலையில் கிழக்கே எழுந்து, வயலுக்கு வெளிச்சம் தரும் சூரியனிடம் இருந்து வரும் ஆபத்துக்காக!

சூரியனை எதிரி என்று சொன்னால் பாவம். சோறு போடுகிறவனே அவன்தான். ஆனால் அவனுக்கும் சில நாட்களில் கோபம் வருவது உண்டு.

சூரியனில் அடிக்கும் புயல்

சூரியன் மிகச் சூடான வாயுக்களால் ஆன பெரிய உருண்டை. பூமியில் இருந்து 15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 8 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது.

வெளிச்சமும் வெப்பமும் மட்டும் அங்கிருந்து வரவில்லை. காற்று போல ஒன்றும் ஓயாமல் வீசிக்கொண்டு இருக்கிறது. இது மின்சாரம் ஏறிய மிகச் சிறிய துகள்களால் ஆன காற்று. சாதாரண நாளிலேயே இதன் வேகம் வினாடிக்கு 400 கிலோ மீட்டர்! வாலிகண்டபுரத்தில் இருந்து சென்னைக்குப் போக அதற்கு ஒரு வினாடிகூட வேண்டாம்.

சூரியனின் முகத்தில் கரும் புள்ளிகள் தோன்றுவது உண்டு. அங்கெல்லாம் காந்த சக்தி முறுக்கிய கயிறு போலத் திரண்டு நிற்கும். முறுக்கு அளவுக்கு மிஞ்சினால், படீர் என்று அறுந்து வெடிக்கும். அப்போது 100 கோடி டன் எடையுள்ள வாயு மேகம், தன் காந்த சக்தியையும் சுமந்து கொண்டு வானவெளியில் பாயும். இதைத்தான் சூரியப் புயல் என்கிறார்கள்.

அந்தப் புயல் பூமிக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மூர்க்கமான புயலாக இருந்தால் ஒரே நாளில் வந்துவிடும்.

அடித்தால் என்ன ஆகும்?

1859-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்பவர் சூரியனின் கரும் புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டு இருந்தார். திடீர் என்று அந்தப் புள்ளிகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தோன்றி மறைந்தது. 18 மணி நேரம்கூட ஆகவில்லை. பூமியின் காந்த சக்தி ஆட்டம் கண்டது! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் ஓடியது. சில தந்தி ஊழியர்களுக்கு ஷாக் அடித்தது. சில இடங்களில் பாட்டரியைக் கழற்றிவிட்ட பிறகும் தந்தி பேசியது!

நம் நாட்டிலும் அந்தப் புயல் பதிவாகி இருக்கிறது. மறுநாள், செப்டம்பர் 2-ந் தேதி, பம்பாய் கொலாபாவில் இருந்த காந்த ஆராய்ச்சி நிலையத்தில் கருவியின் முள் அதுவரை காணாத அளவுக்குச் சரிந்தது. அந்தப் பழைய பதிவேட்டை இன்றும் உலக விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அன்று உலகத்தில் தந்தி ஒன்றுதான் இருந்தது. மின்சார விளக்கு இல்லை. செயற்கைக் கோள் இல்லை. அதனால் தப்பித்தார்கள்.

1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி கதை வேறு. கனடா நாட்டில் கியூபெக் மாகாணத்தில் அதிகாலை நேரம். சூரியப் புயல் தாக்கியதும், நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் ஏறியது. ஒன்றரை நிமிடத்தில் மாகாணம் முழுவதும் இருண்டது. 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். அங்கே அது கடும் குளிர் காலம்.

2022-ம் ஆண்டு பிப்ரவரியில், ஓர் அமெரிக்கக் கம்பெனி ஒரே ராக்கெட்டில் 49 செயற்கைக் கோள்களை அனுப்பியது. அதே சமயம் ஒரு சாதாரணப் புயல் வந்தது. பெரிய புயல்கூட இல்லை. பூமியின் காற்று மண்டலம் சூடாகி, பால் பொங்குவது போல மேலே எழும்பியது. அந்தக் காற்றில் சிக்கிய செயற்கைக் கோள்களில் 38, கீழே இறங்கி எரிந்து சாம்பல் ஆயின.

வாலிகண்டபுரத்துக்கு என்ன கவலை?

'கனடாவில் விளக்கு அணைந்தால் நமக்கு என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மின்கம்பிகளைப் பொறுத்தவரை, துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர் நாடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். தமிழ்நாட்டுக்குக் குறைவு. ஆனால் நமக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது.

பூமி ஒரு பெரிய காந்தம். அதற்கு வட முனை, தென் முனை இருப்பது போல நடுக்கோடும் உண்டு. அந்தக் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ம் ஆண்டில் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே இதற்காகத்தான். இந்தக் கோட்டை ஒட்டிய ஆகாயத்தில், காற்று மண்டலத்தின் மேல் பகுதியில் உள்ள மின்சார அடுக்கு மற்ற இடங்களைவிட அதிகமாகக் கொந்தளிக்கும். சூரியன் மறைந்த பிறகு அதில் குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிகளின் ஊடே வரும் செயற்கைக் கோள் சைகைகள், நட்சத்திரம் மினுக்குவது போல மினுக்கும். சூரியப் புயல் அடிக்கும் நாட்களில் இந்தக் கொந்தளிப்பு எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

செல்போனில் வழி காட்டும் படத்தைப் பார்த்து லாரி ஓட்டுகிறார்கள். 108 ஆம்புலன்சு வண்டியில் இடங்காட்டும் கருவி இருக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்க டிரோன் என்ற குட்டி விமானம் வந்துவிட்டது. இவை எல்லாம் தாங்கள் இருக்கும் இடத்தைச் செயற்கைக் கோளிடம் கேட்டுத்தான் தெரிந்து கொள்கின்றன. சைகை தடுமாறினால் இடமும் தடுமாறும்.

2024-ம் ஆண்டு மே மாதம் இது அமெரிக்காவில் நடந்தது. அங்கே அது மக்காச்சோளம் விதைக்கும் பருவம். அங்குள்ள பெரிய டிராக்டர்கள் செயற்கைக் கோள் சொல்லும் கோட்டில்தான் பிசகாமல் விதை போடும். மே 10, 11 தேதிகளில் சூரியப் புயல் அடித்தது. 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயல் அதுதான். டிராக்டர்களுக்கு இடம் தெரியவில்லை. பல விவசாயிகள் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மக்காச்சோளம் பயிரிடும் பெரம்பலூர்க்காரர்களுக்கு விதைப்பு ஒரு நாள் தவறினால் என்ன என்பது தெரியும்.

அதே இரவில், லடாக்கில் உள்ள ஹான்லே மலைமேல் வானம் சிவந்தது. வட துருவத்து நாடுகளில் தோன்றும் வண்ண ஒளி, இந்தியாவின் வாசல்வரை வந்து முகம் காட்டிவிட்டுப் போனது!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'இன்று நள்ளிரவு விண்கதிர் வருகிறது, செல்போனை அணைத்துத் தூர வையுங்கள், உடம்புக்கு ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கு ஆண்டு சுற்றுகிறது. அது சுத்தப் பொய். தரையில் இருக்கும் மனிதனைச் சூரியப் புயல் தொடுவதில்லை. காற்று மண்டலமும் பூமியின் காந்தமும் குடை பிடிக்கின்றன. சூரியப் புயலால் வெயிலும் கூடாது. பாதிப்பு எல்லாம் மனிதனின் கருவிகளுக்குத்தான்.

கொடைக்கானல் காட்டிய வழி

சூரியனைக் கண்காணிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்து மக்கள் மாண்டபோது, 'மழை ஏன் பொய்க்கிறது? சூரியனை ஆராய்ந்தால் பதில் கிடைக்குமா?' என்ற யோசனை பிறந்தது. அதன் பலனாகக் கொடைக்கானல் மலைமேல் 1899-ம் ஆண்டு சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1901-ல் அங்கே சூரியனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மழையின் ரகசியம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. வேறு ஒன்று பிடிபட்டது. கரும் புள்ளிகளில் இருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் என்பவர் 1909-ல் அங்கே கண்டுபிடித்தார். இன்றும் உலகப் பாடப் புத்தகங்களில் அது அவர் பெயரால் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் கொடைக்கானலில் பத்திரமாக இருக்கின்றன.

ஊட்டி அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. மலைச் சரிவின்மேல் சாய்த்துக் கட்டியது. 1970 முதல் வேலை செய்கிறது. சூரியக் காற்று வீசும் வேகத்தைக்கூட அது கணிக்கிறது. ஊட்டியிலேயே உள்ள மற்றொரு ஆராய்ச்சிக் கூடம், 2015-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, பூமியின் காந்தக் குடை சுமார் இரண்டு மணி நேரம் தளர்ந்ததைக் கண்டு சொன்னது. அதற்கும் காரணம் ஒரு சூரியப் புயல்தான்.

ஆனால் தரையில் இருந்து பார்ப்பதில் குறை உண்டு. மேகம் மறைக்கும். இரவு வரும். எல்லாவற்றையும்விட, புயலின் காந்தம் எப்படி என்பது அது வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். ரஞ்சன்குடி கோட்டையில் உச்சியை விட்டு இறங்கி, கதவுக்குப் பின்னால் நின்று எதிரியை எதிர்பார்ப்பது போலத்தான்.

பிணைத்த மாடுகள்

காவல்காரனை எங்கே நிறுத்துவது? சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே, வழியிலேயே நிறுத்த வேண்டும். அப்படி ஒரு இடம் இருக்கிறது. பூமியில் இருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில்! சந்திரனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம். ஆனால் சூரியன் வரையுள்ள தூரத்தில் அது நூறில் ஒரு பங்குதான். லெக்ராஞ்சு என்ற கணித மேதையின் பெயரால் அதை 'எல்-1' என்று குறிப்பிடுகிறார்கள்.

அங்கே ஒரு பொருள் எப்படி நிற்கும்? சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றும் பொருள், பூமியைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். அது முந்திக் கொண்டு போய்விடாதா?

களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை வரிசையாகப் பிணைத்து ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்பக்கத்து மாட்டுக்குச் சுற்று சிறியது. அவிழ்த்துவிட்டால் அது முந்திவிடும். ஆனால் வெளிப்பக்கத்து மாட்டோடு கயிறு போட்டுப் பிணைத்திருப்பதால், இரண்டும் ஒன்றாகவே சுற்றி வருகின்றன. இங்கே பூமிதான் வெளி மாடு. செயற்கைக் கோள் உள் மாடு. பூமியின் இழுப்பு சக்திதான் கயிறு! அதனால் பூமி சூரியனை ஒரு முறை சுற்றும் 365 நாளில், அதுவும் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. எப்போதும் நமக்கு முன்னால், சூரியன் பக்கமே நிற்கிறது.

சரியாக அந்தப் புள்ளியிலேயே நிறுத்தவும் முடியாது. நேர் பின்னால் சூரியன் இருந்தால், அதன் ரேடியோ இரைச்சலில் செயற்கைக் கோளின் பேச்சு கேட்காது. ஆகவே அந்தப் புள்ளியைச் சுற்றிப் பல லட்சம் கிலோ மீட்டர் அகலத்துக்கு வட்டம் போட வைக்கிறார்கள். கயிற்றின்மேல் நடப்பது போன்ற வேலை அது. அவ்வப்போது சிறிய ராக்கெட்டைத் தட்டிவிட்டுப் பாதையைச் சரி செய்ய வேண்டும்.

செங்கோட்டைப் பெண்

இந்தியா அங்கே அனுப்பிய காவல்காரன் பெயர் ஆதித்யா. ஆதித்யன் என்றால் சூரியன். எடை 1,480 கிலோ. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பகல் 11 மணி 50 நிமிடத்துக்கு, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. பம்பாயில் காந்த முள் சரிந்ததும் ஒரு செப்டம்பர் 2-ந் தேதிதான். நடுவே 164 ஆண்டுகள்!

இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நிகர் ஷாஜி என்று பெயர். தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரிலேயே பள்ளிப் படிப்பு. திருநெல்வேலி அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் மேல் படிப்பு. 1987-ம் ஆண்டு இஸ்ரோவில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, சூரியனுக்குக் காவல் போடும் பொறுப்புக்கு வந்தார்.

ஆதித்யா நேரே போய்விடவில்லை. முதலில் பூமியைச் சுற்றியது. நான்கு முறை பாதையை நீட்டி நீட்டி, கவண் சுற்றுவது போல வேகம் ஏற்றினார்கள். செப்டம்பர் 19-ந் தேதி பூமியின் பிடியைவிட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். 2024-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிரேக் போடுவது போல எதிர்த் திசையில் ராக்கெட்டைக் கொளுத்தி, அந்த வட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அன்று தவறி இருந்தால் அது சூரியன் பக்கமாக ஓடியே போயிருக்கும்! ஒரு வட்டம் முடிக்க 178 நாள் ஆகும். முதல் வட்டத்தை 2024 ஜூலையில் முடித்தது.

ஆதித்யாவில் ஏழு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, சூரியனின் வட்ட முகத்தை மறைத்துச் செயற்கையாகக் கிரகணம் உண்டாக்கி, சுற்றியுள்ள ஒளி வளையத்தைப் பார்க்கிறது. கொடைக்கானல் நிலையத்தை நடத்தும் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் ஆராய்ச்சி நிலையம்தான் இதைச் செய்தது. சூரியனைப் புற ஊதா ஒளியில் படம் எடுக்கும் கருவி புனாவில் உருவானது. ஆமதாபாத்திலும் திருவனந்தபுரத்திலும் செய்த கருவிகள், வீசும் துகள்களை எண்ணுகின்றன. மற்ற இரண்டு எக்ஸ்ரே கதிர்களைக் கவனிக்கின்றன.

ஆனால் காவல் வேலைக்கு உயிர் நாடி, ஏழாவது கருவிதான்.

வடக்கா, தெற்கா?

அது ஒரு காந்தமானி. 6 மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் ஒன்றும், பாதி வழியில் ஒன்றுமாக இரண்டு உணர் கருவிகள். ஏன் அவ்வளவு தள்ளி வைத்தார்கள்? செயற்கைக் கோளுக்கே சிறிது காந்தம் உண்டு. அது குறுக்கிடக் கூடாது. கிளம்பியதில் இருந்து மடித்தே வைத்திருந்த அந்தக் கம்பை, 2024 ஜனவரி 11-ந் தேதி நீட்டினார்கள்.

இந்தக் காந்தமானி ஏன் இவ்வளவு முக்கியம்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு காந்தத் துண்டுகளை வைத்து விளையாடுவார்கள். ஒரு விதமாக வைத்தால் தள்ளும். திருப்பி வைத்தால் 'டக்' என்று ஒட்டும். பூமிக்கும் சூரியப் புயலுக்கும் இதே கணக்குதான். வருகிற மேகத்தின் காந்தம் வடக்கு நோக்கி இருந்தால், பூமியின் காந்தக் குடை அதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். தெற்கு நோக்கி இருந்தால், இரண்டும் பின்னிக் கொள்ளும். கதவு திறந்துவிடும். புயலின் சக்தி உள்ளே கொட்டும்.

சூரியனில் வெடிப்பு நடந்ததைத் தொலைநோக்கியில் பார்த்துவிடலாம். மேகம் பூமியை நோக்கி வருகிறதா என்பதையும் சொல்லிவிடலாம். ஆனால் அதன் காந்தம் வடக்கா, தெற்கா என்பதை மட்டும் சூரியனைப் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்றுவரை முடியவில்லை. அந்த மேகம் காவல்காரன் தலைமேல் கடந்து போகும்போதுதான் தெரியும்!

அப்போது மிச்சம் இருப்பது 15 லட்சம் கிலோ மீட்டர். சாதாரண வேகம் என்றால் ஒரு மணி நேரம். வினாடிக்கு 800 கிலோ மீட்டர் வேகம் என்றால் அரை மணி நேரம். உலை வைத்து அரிசி போட்டு வடிக்கும் நேரம், அவ்வளவுதான். காவல்காரன் அனுப்பும் சைகை மட்டும் ஐந்து வினாடியில் வந்துவிடும்.

அரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். மின் நிலையங்களில் பாரத்தைக் குறைக்கலாம். செயற்கைக் கோள்களைப் பத்திரமான நிலைக்குத் திருப்பலாம். துருவத்தின்மேல் பறக்கும் விமானங்களை வழி மாற்றலாம். வானவெளியில் இருக்கும் வீரர்களை ஒதுங்கி இருக்கச் சொல்லலாம். டிரோன் விடுகிறவர் அன்றைக்கு விடாமல் இருக்கலாம்.

ஆனால் காவல்காரன் கூவினால் போதாது. கேட்க ஆள் வேண்டும். ஆதித்யா எப்போதும் சூரியன் பக்கமே இருக்கிறது அல்லவா? ஆகவே நமக்குச் சூரியன் உதிக்கும்போது அதுவும் உதிக்கும். சூரியன் மறையும்போது அதுவும் மறையும். பெங்களூர் அருகே பைலாலுவில் 32 மீட்டர் அகலத்தில் இஸ்ரோவின் பெரிய ஏரியல் தட்டு இருக்கிறது. இரவில் அது என்ன செய்யும்? அந்த நேரத்தில் பகலாக இருக்கும் வேறு நாட்டில்தான் காது வைக்க வேண்டும். இந்தக் காவல் வேலையை எந்த நாடும் தனியாகச் செய்ய முடியாது.

திரும்பிப் பார்த்த காவல்காரன்

ஆதித்யாவுக்கு முன்பே அங்கே அமெரிக்காவின் காவல்காரர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவரின் கதை சுவையானது. அதன் பெயர் டிஸ்கவர்.

1998-ம் ஆண்டில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த அல்கோர் ஒரு யோசனை சொன்னார். 'அந்தத் தூரத்தில் இருந்து பூமியின் முழு முகத்தையும் எப்போதும் படம் எடுத்து மக்களுக்குக் காட்டினால் என்ன?' என்றார். செயற்கைக் கோளைச் செய்தும் விட்டார்கள். ஆட்சி மாறியது. வீண் செலவு என்று எதிர்க் கட்சியினர் கேலி செய்தார்கள். 2001-ல் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்கள்! 2008-ல்தான் வெளியே எடுத்துச் சோதித்தார்கள். சூரியப் புயலைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்ற தேவை வந்ததால் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. 2015-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி பறந்தது.

அதன் ஒரு பக்கத்துக் கருவிகள் சூரியக் காற்றை அளந்தன. மறு பக்கத்துக் காமிரா பூமியையே பார்த்தது. அந்த இடத்தில் இருந்து பார்க்கும்போது பூமி எவ்வளவு பெரிதாகத் தெரியும் தெரியுமா? வாலிகண்டபுரத்தில் நின்று பார்க்கும்போது பௌர்ணமி நிலா எவ்வளவு பெரிதோ, ஏறத்தாழ அவ்வளவுதான்! சூரியன் எப்போதும் பின்னால் இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் பூமிக்குத் தேய்பிறை கிடையாது. தினம் தினம் பௌர்ணமிதான்.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்தது. இந்தியா விடிந்து, நகர்ந்து, மறைவது அதில் தெரிந்தது. சகாரா பாலைவனத்துப் புழுதி கடல் தாண்டிப் போவதும், காடு எரியும் புகையும் தெரிந்தன. மேகத்தின் உயரத்தையும், ஓசோன் படலத்தையும் அந்தப் படங்களில் இருந்து கணக்கிட்டார்கள். 2015 ஜூலை 16-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. சந்திரன் பூமிக்குக் குறுக்கே நடந்து போனது! அப்போது தெரிந்தது, பூமியில் இருந்து நாம் ஒருபோதும் பார்க்க முடியாத சந்திரனின் பின்முகம்.

ஒரே புயலுக்கு ஏழு சாட்சி

2024 மே மாதப் புயலை ஆதித்யாவும் பார்த்தது. டிஸ்கவரும் பார்த்தது. வானவெளியில் வெவ்வேறு இடங்களில் இருந்த மற்ற ஐந்து அமெரிக்கக் கோள்களும் பார்த்தன. இந்திய விஞ்ஞானிகள் இந்த ஏழு சாட்சிகளின் வாக்குமூலத்தையும் வைத்துத் துப்புத் துலக்கினார்கள். 2025-ம் ஆண்டு இறுதியில் முடிவு வெளியானது.

சூரியனில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய மேகங்கள் வழியிலேயே மோதிக் கொண்டன. மோதிய வேகத்தில் ஒரு மேகத்தின் உள்ளேயே காந்தக் கோடுகள் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக் கொண்டன. அப்படி நடந்த பகுதியின் அகலம் சுமார் 13 லட்சம் கிலோ மீட்டர். பூமியைப் போல நூறு மடங்கு! சூரியனைவிட்டுக் கிளம்பும்போது இருந்த காந்தம், வந்து சேரும்போது வேறாக மாறி இருந்தது. வடக்கா, தெற்கா என்று முன்கூட்டியே சொல்வது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு இது ஒரு காரணம்.

சூரியனின் கோபம் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை உச்சத்துக்கு ஏறி இறங்கும். இந்த முறை 2024-ல் உச்சத்தை எட்டியது. அடுத்த உச்சம் 2035-ஐ ஒட்டி வரும். ஆதித்யாவுக்குக் கொடுத்த தவணை ஐந்து ஆண்டு. 2025 செப்டம்பர் 24-ந் தேதி அமெரிக்கா ஒரு புதிய காவல் கோளை அதே எல்-1 புள்ளிக்கு அனுப்பி இருக்கிறது. அடுத்த உச்சத்தின்போது அங்கே நிற்க, இந்தியாவுக்கும் இன்னொரு ஆதித்யா வேண்டி இருக்கும்.